வாயில் காக்கும் வரிகள்

2015ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 12ஆம் நாள், வெள்ளிக்கிழமை. மாலை மணி ஐந்தை நெருங்கிக்கொண்டிருந்தது. பினாங்கு ஆயர் ஈத்தாம் பகுதியில், அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் ஏழாம் மாடியில், பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் கணினியின் முன் அமர்ந்து பொறுமை இழந்துகொண்டிருந்தார். மறுநாள் காலை ஜார்ஜ் டவுனில் இடைநிலைப்பள்ளி மாணவர் சிலருக்கு இலக்கண வகுப்பு நடத்துவதாக அவர் ஒப்புக்கொண்டிருந்தார். பாடம், மொழிமுதல் எழுத்துகள். தொல்காப்பியம் சொல்வதையும் நன்னூல் சொல்வதையும் அருகருகே வைத்துக் காட்ட வேண்டும் என்பது அவர் விருப்பம். வீட்டிலிருந்த பழைய நன்னூல் உரையில் வேண்டிய பக்கங்கள் உதிர்ந்துபோயிருந்தன. எனவே மதுரைத் திட்டத்தின் இணையத் தளத்தில் நூலைத் தேடினார். பக்கம் பாதி வந்தது, மீதி வரவில்லை. கணினியை அணைத்து மீண்டும் இயக்கினார். கூடத்து மூலையிலிருந்த இணைப்புப் பெட்டியின் கம்பியைப் பிடுங்கிச் செருகினார். அதன் விளக்குகள் பச்சையாகவே எரிந்தன. பக்கம் மட்டும் வரவில்லை.

இரவு எட்டு மணியளவில் மகள் வீடு திரும்பினாள். பாயான் லெப்பாஸில் ஒரு நிறுவனத்தில் அவள் வலையமைப்புப் பொறியாளர். தொழிற்சாலைகளுக்கும் கல்லூரிகளுக்கும் இணைய இணைப்பைக் கொடுத்து, அது அறுபடாமல் பார்த்துக்கொள்வது அந்நிறுவனத்தின் தொழில்.

“கணினி பழுதாகிவிட்டது அம்மா. நாளைக்கு யாரையாவது அழைத்துக் காட்ட வேண்டும்” என்றார் தந்தை.

“கணினியில் பழுதில்லை அப்பா. பழுது நம் நாட்டில் தொடங்கி உலகம் முழுவதும் போய்விட்டது. இப்போது சரியாகியிருக்கும், பாருங்கள்.”

அவர் பார்த்தார். நன்னூல் உடனே வந்தது. ஆனால் அதைப் படிக்க அவருக்கு அப்போது மனம் ஓடவில்லை. உலகம் முழுவதும் போன பழுது எது என்று அறிந்தாக வேண்டும். மகளுக்குப் பசி. ஆயினும் முப்பத்து நான்கு ஆண்டுகள் பிறருக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு மாணவரைப் போலக் கேட்கும்போது மறுக்க இயலவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்லத் தொடங்கினாள்.

இணையம் என்பது ஒரே வலை அன்று. தத்தம் ஆட்சிக்கு உட்பட்ட பல்லாயிரம் வலையமைப்புகளின் கூட்டு அது. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. டெலிகாம் மலேசியாவின் எண் 4788. ஒவ்வொரு வலையமைப்பும் தன் எல்லையில் திசைவி என்னும் கருவியை நிறுத்தி வைத்திருக்கும். அத்திசைவி, ‘இன்ன முகவரிகளுக்குப் போக வேண்டுமா? என் வழியாக வரலாம்’ என்று அயல் வலையமைப்புகளுக்கு அறிவித்துக்கொண்டிருக்கும். அதைக் கேட்ட அயலார் தமக்கு அடுத்தவரிடம் சொல்வர். அடுத்தவர் அவருக்கு அடுத்தவரிடம் சொல்வர். இப்படி ஒருவர் சொல்ல ஒருவர் கேட்டுப் பரவும் செய்தியைக் கொண்டே, ஆயர் ஈத்தாமில் இருக்கும் ஒரு கணினி உலகின் மறுகோடியிலிருக்கும் ஒரு நூலைக் கண்டுகொள்கிறது.

இதற்கான நெறிமுறைக்கு எல்லை நுழைவாயில் நெறிமுறை என்று பெயர். பி.ஜி.பி. என்பது அதன் சுருக்கம். 1989ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் நடந்த ஒரு கூட்டத்தின் உணவு வேளையில், கிர்க் லோகீட், யாக்கோவ் ரெக்டர் என்னும் இருவர் கை துடைக்கும் தாள்களில் அதன் முதல் வரைவை எழுதினர். அன்றைய இணையம் சிறிய ஊர். ஒருவரை ஒருவர் அறிவர். ஆகையால் அந்நெறிமுறை அயலார் சொல்வதை அப்படியே நம்பும்படி அமைந்தது. ‘இதைச் சொல்ல உனக்கு உரிமை உண்டா?’ என்று அது தானாகக் கேட்பதில்லை. கேட்க வேண்டுமானால், கருவியை ஆள்பவர் அக்கேள்வியை வரி வரியாக எழுதி வைக்க வேண்டும். அவ்வாறு எழுதும் வரிகளே பாதை வடிகட்டி. எந்தப் பாதையை ஏற்பது, எதை மறுப்பது, ஏற்றவற்றுள் எதை முதன்மையாகக் கொள்வது, எதை யாருக்குச் சொல்வது, யாருக்குச் சொல்லாது விடுவது ஆகிய அனைத்தையும் முடிவு செய்யும் விதித்தொகுப்புக்கு வழிக்கொள்கை என்று பெயர்.

அன்று மாலை 4 மணி 43 நிமிடத்திற்கு டெலிகாம் மலேசியாவின் வலையமைப்பு, லெவல் 3 என்னும் பெரிய பன்னாட்டு நிறுவனத்தின் வலையமைப்பிடம் ஏறத்தாழ 179,000 பாதைகளை அறிவித்தது. தன் முகவரிகளையும் தன் வாடிக்கையாளரின் முகவரிகளையும் மட்டுமே அது அறிவித்திருக்க வேண்டும். மாறாக, பிற அயலாரிடமிருந்து தான் கேட்டறிந்த பாதைகளையும் சேர்த்து ஒப்பித்துவிட்டது. ஏறத்தாழ உலகின் மூன்றில் ஒரு பங்கு முகவரித் தொகுதிகளுக்கு ‘என் வழியே வருக’ என்று அழைப்பு விடுத்ததற்கு அது ஒப்பாகும். லெவல் 3 அதை ஏற்றது. ஏற்றதோடு நில்லாமல் தன் அயலாருக்கும் சொன்னது. மலேசியாவோடு எத்தொடர்பும் இல்லாத போக்குவரத்தெல்லாம் மலேசியாவை நோக்கித் திரும்பியது.

“ஈப்போவிலிருந்து அலோர் ஸ்டாருக்குப் போகும் ஊர்திகளையெல்லாம் பாலம் ஏறித் தீவுக்கு வந்து, சுற்றிவிட்டுத் திரும்பிப் போகச் சொன்னால் என்ன ஆகும் அப்பா? நம் பாலம் தாங்குமா?”

தாங்காது. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் உலகின் பல பகுதிகளில் இணையம் தள்ளாடியது. வலையமைப்பை மறுசீரமைக்கும் பணியின்போது நேர்ந்த பிழை என்று சொல்லி டெலிகாம் மலேசியா வருத்தம் தெரிவித்தது.

லெவல் 3 ஏன் அவ்வளவு ஆர்வத்தோடு அப்பாதைகளைப் பின்பற்றியது என்பது கேட்கத்தக்க கேள்வி. ஒரு வலையமைப்புக்கு அயலார் மூவகையினர். பணம் கொடுத்து இணைப்புப் பெறும் வாடிக்கையாளர் ஒரு வகை. பணமின்றிச் சரிநிகராகப் பரிமாறிக்கொள்ளும் தோழமை வலையமைப்பு ஒரு வகை. தான் பணம் கொடுத்து வாங்கும் மேலிடம் ஒரு வகை. ஒரே ஊருக்கு மூவர் வழியாகவும் பாதை இருந்தால், வாடிக்கையாளர் காட்டும் பாதையே முதன்மை பெறும். அதில் போகும் போக்குவரத்து வருவாய் தரும் அல்லவா? ஆகவே, வாடிக்கையாளர் ஒருவர் தவறான பாதையைச் சொன்னால், மற்ற எல்லாருடைய நல்ல பாதைகளும் பின்னுக்குத் தள்ளப்பட்டு அத்தவறான பாதையே அரியணை ஏறும். வருவாய் தருபவரின் சொல்லை மிகுந்த கவனத்தோடு சோதிக்க வேண்டும் என்பது இதனால் விளங்கும். உலகியலில் நடப்பதென்னவோ நேர்மாறானது.

“அப்படியானால் தவறு யாருடையது?” என்று கேட்டார் தந்தை.

“சொன்னவர் செய்தது கைப்பிழை. அது எவருக்கும் நேரும். கேளாமல் ஏற்றவர் செய்ததுதான் பெரிய பிழை. எங்கள் தொழிலில் அப்படித்தான் சொல்வோம். பிழை ஓரிடத்தில் பிறக்கலாம். அடுத்த வாயிலில் அது நின்றுவிட வேண்டும்.”

ஆசிரியர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “எம்டன் வந்தது போல” என்றார்.

எம்டன் என்னும் சொல் தமிழர் பேச்சில் ஏறி நூறாண்டு ஆகிறது. மிகச் சாமர்த்தியக்காரனை, பிடிகொடாதவனை, ‘சரியான எம்டன்’ என்போம். 1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவில் சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு வீசிய ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயர் அது. அக்கப்பல் பினாங்குக்கும் வந்தது. அக்டோபர் 28ஆம் நாள் விடியுமுன், மூன்று புகைபோக்கிகளை உடைய அக்கப்பல், நான்காவதாகப் பொய்யான ஒன்றைப் பொருத்திக்கொண்டு ஜார்ஜ் டவுன் துறைமுகத்துள் நுழைந்தது. நான்கு புகைபோக்கிகளைக் கண்டவர்கள் அதனை யார்மத் என்னும் பிரிட்டிஷ் கப்பல் என்று எண்ணினர். நட்புக் கப்பலை நிறுத்திக் கேட்பானேன்? உள்ளே வந்தபின் ஜெர்மானியக் கொடியை ஏற்றியது. நங்கூரமிட்டிருந்த ஜெம்சுக் என்னும் ரஷ்யக் கப்பல் சில நிமிடங்களில் மூழ்கியது. அதன் தலைவர் அன்றிரவு கரையில் தங்கியிருந்தார். மாண்ட மாலுமிகளுக்கான நினைவுச் சின்னம் வெஸ்டர்ன் சாலை இடுகாட்டில் இருக்கிறது. ஆசிரியர் தம் மாணவர்களை ஒருமுறை அங்கே அழைத்துச் சென்று காட்டியிருக்கிறார். மகளும் அன்று உடன் சென்றவள்தான்.

அக்கதையின் பிற்பகுதியைப் பலர் மறந்துவிடுகின்றனர். பன்னிரண்டு நாள் கழித்து, நவம்பர் 9ஆம் நாள், எம்டன் கொகோஸ் தீவுகளுக்குச் சென்றது. அங்கிருந்த கடலடித் தந்தி நிலையத்தைக் குலைப்பது அதன் நோக்கம். தந்தி நிலையத்தார் கப்பலை உற்று நோக்கினர். நான்காம் புகைபோக்கி பொய் என்பதைக் கண்டுகொண்டனர். கம்பிகள் வெட்டப்படுமுன் செய்தி பறந்தது. ஆஸ்திரேலியாவின் சிட்னி என்னும் கப்பல் விரைந்து வந்து எம்டனை முடித்தது. வேடம் அதே வேடம். பினாங்கில் எண்ணிப் பார்த்து விட்டனர். கொகோஸில் உற்றுப் பார்த்தனர். திருக்குறளில் ‘தெரிந்து தெளிதல்’ என்று ஓர் அதிகாரம் முழுவதும் இதற்கென ஒதுக்கப்பட்டிருப்பதை ஆசிரியர் நினைவுபடுத்தாமல் விடவில்லை.

அடுத்து அவர் கேட்டது, வடிகட்டி எவ்வாறு எழுதப்படும் என்பது. மகள் ஒரு தாளை எடுத்தாள். எடுத்துக்காட்டுக்கு 203.0.113 எனத் தொடங்கும் முகவரிகளை எழுதினாள். அவை எவருக்கும் உரியவை அல்ல. நூல்களிலும் பாடங்களிலும் எடுத்துக்காட்டாகப் பயன்படுத்துவதற்கென்றே ஒதுக்கி வைக்கப்பட்டவை. ஆசிரியருக்கு இதைக் கேட்டு அளவற்ற மகிழ்ச்சி. “நம் சாத்தனும் கொற்றனும் இங்கேயும் இருக்கிறார்களா!” என்றார்.

முகவரியின் தொடக்கப் பகுதிக்கு முன்னொட்டு என்று பெயர். அஞ்சல் குறியீட்டின் முதல் இலக்கங்கள் பகுதியைக் காட்டுவது போல, முன்னொட்டு ஒரு முகவரித் தொகுதியைக் காட்டும். முன்னொட்டு நீள நீளத் தொகுதி சிறுத்துக் குறிப்பாகும். இரண்டு அறிவிப்புகள் மோதினால், நீண்ட முன்னொட்டைச் சொன்னவர் பக்கமே திசைவி சாயும். இவ்விதி நல்ல விதிதான். ஆனால் 2008ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் இதுவே கேடாக முடிந்தது. தன் நாட்டுக்குள் யூடியூப் தளத்தைத் தடுக்க முனைந்த பாகிஸ்தான் டெலிகாம் நிறுவனம், யூடியூப் அறிவித்திருந்ததைக் காட்டிலும் நீண்ட முன்னொட்டு ஒன்றை அறிவித்தது. உள்நாட்டோடு நிற்க வேண்டிய அந்த அறிவிப்பு, ஹாங்காங்கைச் சேர்ந்த மேலிட நிறுவனம் சோதியாமல் ஏற்றதால் வெளியே கசிந்தது. உலகம் முழுவதும் யூடியூப் இரண்டு மணி நேரம் காணாமற் போயிற்று. ஆகவே வடிகட்டியில் முன்னொட்டை மட்டும் எழுதினால் போதாது. அது எவ்வளவு நீளம் வரை போகலாம் என்பதையும் எழுத வேண்டும்.

பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் எண் உண்டு. ‘ஏற்க’ என்றோ ‘மறுக்க’ என்றோ வரி தொடங்கும். திசைவி மேலிருந்து கீழாகப் படிக்கும். பொருந்தும் முதல் வரியோடு நின்றுவிடும். அதற்குக் கீழே என்ன எழுதியிருந்தாலும் அதற்குக் கவலையில்லை. ‘எல்லாவற்றையும் ஏற்க’ என்று முதல் வரியில் எழுதிவிட்டு, கீழே நூறு வரிகளில் தடை எழுதினால் அந்த நூறும் வீண். எவ்வரியும் பொருந்தாமல் இறுதிவரை வந்த பாதைக்கு என்ன நேரும்? பட்டியலின் முடிவில் எழுதப்படாத வரி ஒன்று இருப்பதாகக் கொள்ள வேண்டும். ‘சொல்லப்படாத யாவும் மறுக்கப்படும்’ என்பது அவ்வரி. எழுதியவர் கண்ணுக்கு அது தெரியாது. புதியவர் பலர் அவ்வரியால்தான் முதல் அடி வாங்குவர். ஒரே ஒரு பாதையைத் தடுக்க எண்ணி ஒரு ‘மறுக்க’ வரியை மட்டும் எழுதி, அதனால் எல்லாப் பாதைகளையும் இழந்து நிற்பர்.

ஆசிரியர் எழுந்து சென்று தம் குறிப்பேட்டை எடுத்துவந்தார். மறுநாள் வகுப்புக்காக எழுதிய பட்டியல் அதில் இருந்தது. உயிர் பன்னிரண்டும் மொழிக்கு முதலாகும். க, த, ந, ப, ம ஆகியவை எல்லா உயிரோடும் வரும். சகரம் அ, ஐ, ஔ என்னும் மூன்றும் ஒழிந்த ஒன்பதோடு வரும். வகரம் எட்டோடு வரும். ஞகரம் ஆ, எ, ஒ என்னும் மூன்றோடு வரும். யகரம் ஆகாரத்தோடு மட்டும் வரும். இவை தொல்காப்பியர் காட்டும் வரம்பு. ரகரமும் லகரமும் பட்டியலில் இல்லை.

“இதுவும் நீ சொன்னதுதானே? பட்டியலில் இல்லாதது வாயிலில் நிற்கும்” என்றார்.

மகள் குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தாள். பள்ளியில் மனப்பாடம் செய்தது; அன்று ஏன் என்று தெரியவில்லை. “ஆனால் ராமன் உள்ளே வந்துவிட்டாரே அப்பா?”

“அப்படியே வரவில்லை. இகரத்தை முன்னே சேர்த்துக்கொண்டு இராமனாக வந்தார். தம்பி இலக்குவனாக வந்தார்.”

“அதுதான் வழிக்கொள்கை. வடிகட்டி விடும் அல்லது தடுக்கும், அவ்வளவுதான். கொள்கை என்பது, மாற்றம் செய்து ஏற்கும்.” அவள் தாளில் மீண்டும் எழுதினாள். பாதை நுழையும்போதே அதற்கு ஒரு விருப்ப மதிப்பு கொடுக்கலாம். பல கருவிகளில் எதுவும் சொல்லாவிடில் அம்மதிப்பு 100. வாடிக்கையாளர் பாதைக்கு 200 என்று கொடுத்தால் அது முந்தும். மேலிடத்துப் பாதைக்கு 50 என்று கொடுத்தால் அது பிந்தும். இன்னும் ஒன்று செய்யலாம். எவரிடமிருந்து வந்தது என்னும் அடையாளக் குறியை அதன்மேல் ஒட்டலாம். வெளியேறும் வாயிலில், ‘வாடிக்கையாளர்’ என்னும் குறியுடையவற்றையும் தம் சொந்தப் பாதைகளையும் மட்டும் வெளியே விடு என்று எழுதி வைத்தால், மேலிடத்தில் கேட்டதை வேறொரு மேலிடத்தில் ஒப்பிக்கும் பிழை நேராது. அன்று மாலை காணாமற் போன காவல் இத்தகையதுதான்.

நன்னூலைப் பற்றி ஆசிரியர் சொன்னது மகளுக்குப் புதியது. தொல்காப்பியர் விலக்கிய சகர அகரத்தை நன்னூலார் ஏற்றுக்கொண்டார். யகரத்துக்கு ஆறு உயிர்களை இசைந்தார். ஞகரத்துக்கு நான்கு. வழக்கில் வந்துவிட்ட சொற்களைக் கண்டு பட்டியலை விரித்தார். பழைய பட்டியலையே பிடித்திருந்தால் ‘சங்கம்’ என்னும் சொல்லே வாயிலில் நிற்க நேர்ந்திருக்கும். மகள் இதைக் கேட்டுச் சிரித்தாள். அவள் துறையிலும் அது நடந்திருக்கிறது. எவருக்கும் கொடுக்கப்படாத முகவரிகளிலிருந்து வருவது போலியாகத்தான் இருக்கும் என்று, அவற்றைத் தடுக்கும் வரிகளைப் பலர் எழுதி வைத்திருந்தனர். 2002ஆம் ஆண்டில் 69 எனத் தொடங்கும் முகவரிகள் முறைப்படி வழங்கப்பட்டன. அவற்றைப் பெற்றவர்கள் பல தளங்களை அணுக முடியாமல் தவித்தனர். பழைய வரியை எழுதியவர் எழுதிவிட்டு மறந்துவிட்டார். கருவிக்கோ மறதி இல்லை. அளவு மீறித் திறந்த வாயிலைப் பற்றி உலகம் பேசுகிறது. காலம் கடந்தும் மூடிக்கிடக்கும் வாயிலின் முன் நிற்பவர்களைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை.

மறுநாள் வகுப்பில் மாணவர்கள் திசைவியைப் பற்றியும் கேட்டு வந்தனர் என்று சொல்லத் தேவையில்லை.

அடுத்த ஆண்டு மகளுக்கே சோதனை வந்தது. ஒரு கல்லூரிக்குப் புதிய இணைப்புக் கொடுக்கும் பொறுப்பு அவளுடையது. அக்கல்லூரி வேறொரு நிறுவனத்திடமும் இணைப்பு வாங்கியிருந்தது. கல்லூரிக்கு உரிய நான்கு முன்னொட்டுகளை மட்டும் ஏற்கும் பட்டியலை அவள் எழுதினாள். வரிகள் நான்கும் சரி, நீளமும் சரி. நள்ளிரவுக்குப் பின், போக்குவரத்துக் குறைந்திருக்கும் வேளையில், அப்பட்டியலைக் கருவியில் பொருத்தினாள். பொருத்தும்போது பட்டியலின் பெயரில் ஓர் எழுத்து விடுபட்டது.

விடுபட்டதைக் கருவி சொல்லவில்லை. இல்லாத பட்டியலின் பெயரைச் சொன்னால், சில வகைக் கருவிகள் பிழை என்று கூவுவதில்லை. பட்டியல் இல்லை, ஆகவே தடையும் இல்லை என்று கொண்டு எல்லாவற்றையும் உள்ளே விட்டுவிடும். ஒரு வரியேனும் உள்ள பட்டியலின் முடிவில் எழுதப்படாத மறுப்பு நிற்கிறது. பட்டியலே இல்லாத இடத்தில் எழுதப்படாத இசைவு நிற்கிறது. கல்லூரி சரியான நான்கு பாதைகளையே அனுப்பிவந்ததால், மூன்று வாரம் எவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. காவலர் இல்லாத வாயிலும் கள்வர் வராத வரையில் காவலுள்ள வாயில் போலவே தோன்றும்.

நான்காம் வாரம் ஒரு மாலையில், கல்லூரியின் பணியாளர் ஏதோ மாற்றம் செய்தபோது, மற்ற நிறுவனத்திடமிருந்து கேட்ட பாதைகள் அனைத்தும் இப்பக்கம் கொட்டின. வாடிக்கையாளர் பாதைகள் என்பதால் அவை முதன்மை பெற்றன. நிறுவனத்தின் பிற வாடிக்கையாளர் போக்குவரத்து எல்லாம் கல்லூரியின் சிறிய இணைப்பில் போய் நெரிந்தது. ஒரு மணி நேரத்திற்கும் மேலாகப் பல தொழிற்சாலைகள் தொடர்பின்றி நின்றன. ஊருலகம் அறியாத சிறிய நிகழ்ச்சிதான். ஆயினும் 2015இல் நடந்ததன் உருவம் அச்சாக அதில் இருந்தது. இம்முறை கேளாமல் ஏற்றவள் அவள்.

காரணத்தை விளக்கி அறிக்கை எழுத வேண்டியிருந்தது. தவறான பாதைகளை அனுப்பியது கல்லூரிதான். அதை மட்டும் எழுதினால் போதும் என்று உடன் பணியாற்றும் மூத்தவர் ஒருவர் அன்போடு சொன்னார். அவர் சொன்னது பொய்யன்று. பதவி உயர்வுக்குப் பரிந்துரைக்கப்பட்டோர் பட்டியலில் அவள் பெயர் அவ்வாண்டு இருந்தது. அதையும் அவர் நினைவூட்டினார்.

விடியற்காலை வீடு வந்தவள் தந்தையிடம் எல்லாவற்றையும் சொன்னாள். நாற்பது பிள்ளைகளின் கட்டுரைகளில் ணகர னகர வேறுபாட்டைத் திருத்தித் திருத்திச் சிவப்பு மையைத் தீர்த்தவர் அவர். ஓரெழுத்துப் பிழைக்கு அரை மதிப்பெண்ணுக்கு மேல் அவர் ஒருபோதும் குறைத்ததில்லை. அறிவுரை எதுவும் சொல்லவில்லை. தேநீரை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, “எந்த எழுத்து?” என்று மட்டும் கேட்டார்.

அவள் சொன்னாள். சொன்னபின் அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

அறிக்கையில் கல்லூரியின் பிழையை ஒரு வரியில் எழுதினாள். தன் பிழையை மூன்று பத்திகளில் எழுதினாள். பட்டியலின் பெயர் எவ்வாறு தவறியது, கருவி ஏன் எச்சரிக்கவில்லை, மூன்று வாரம் ஏன் ஒருவரும் பார்க்கவில்லை என்பவற்றை வரிசையாகச் சொன்னாள். இனிச் செய்ய வேண்டியவற்றையும் எழுதினாள். மாற்றம் எதையும் எழுதியவரே பொருத்தக் கூடாது. அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பது போல இன்னொருவர் படித்துப் பார்க்க வேண்டும். கருவியில் சொல்லப்படும் ஒவ்வொரு பட்டியலின் பெயரும் உண்மையில் இருக்கிறதா என்று நாள்தோறும் சோதிக்க வேண்டும். ஒவ்வோர் அயலாருக்கும் பாதை எண்ணிக்கையின் மேல்வரம்பு ஒன்றை எழுதி வைக்க வேண்டும். நான்கு பாதைகளைச் சொல்ல வேண்டியவர் நாற்பதைத் தாண்டினால் இணைப்பைக் கருவியே துண்டித்துவிடும். இந்தக் கடைசி விதி மிக எளியது. யார் சொல்வது மெய் என்று ஆராய வேண்டியதில்லை. எண்ணத் தெரிந்தால் போதும். 2015இல் ஏற்ற பக்கத்தில் தக்க மேல்வரம்பு ஒன்று நின்றிருந்தால், ஆயர் ஈத்தாமில் நன்னூல் தடைபட்டிராது.

பதவி உயர்வு அவ்வாண்டு வரவில்லை. அடுத்த ஆண்டு வந்தது.

துறையும் சும்மா இருக்கவில்லை. அயலாரோடு பரிமாறிக்கொள்ள எக்கொள்கையும் எழுதப்படாவிட்டால் எதையும் ஏற்காதே, எதையும் சொல்லாதே என்று 2017ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆவணம் நெறிமுறையின் இயல்பையே மாற்றியது. திறந்தே கிடந்த வாயில், காவலர் வரும்வரை மூடிக்கிடக்கும் வாயிலாயிற்று. முன்னொட்டுக்கு உரியவர் யார் என்பதை மறையீட்டுக் கையொப்பத்தால் உறுதி செய்யும் முறையும் பரவிவருகிறது. ஆனால் அது பாதையின் பிறப்பிடத்தை மட்டுமே காட்டும். 2015இல் கசிந்த பாதைகளின் பிறப்பிடம் சரியாகவே இருந்தது. அவற்றைச் சுமந்து சென்றவருக்குத்தான் சுமக்கும் உரிமை இல்லை. இக்குறையை நோக்கி 2022ஆம் ஆண்டில் இன்னொரு திருத்தம் வந்தது. இணைப்புத் தொடங்கும்போதே நீ வாடிக்கையாளரா, தோழரா, மேலிடமா என்று இரு கருவிகளும் ஒன்றையொன்று கேட்டு ஒப்புக்கொள்ளும் ஏற்பாடு அது. உலகின் எல்லாக் கருவிகளிலும் அது இடம்பெற நெடுங்காலம் ஆகும். அதுவரை வரிகளை மனிதரே எழுதியாக வேண்டும்.

மகளிடம் பின்னர் ஓர் இளைஞர் தொழில் பழக வந்தார். பட்டர்வொர்த்துக்காரர், தமிழ்ப்பள்ளியில் படித்தவர். அவர் எழுதிய முதல் பட்டியலில் வரிகளுக்கு 1, 2, 3, 4 என்று எண்ணிட்டிருந்தார். அவள் அதைத் திருத்தி 10, 20, 30, 40 என்று எழுதினாள்.

“இடையில் ஏன் அக்கா இவ்வளவு இடம்?” என்று கேட்டார் அவர்.

“நன்னூலார் வருவார் தம்பி” என்றாள் அவள். விளங்காமல் விழித்த அவரிடம் பட்டியலைத் திருப்பிக் கொடுத்து, பெயரை எழுத்துக் கூட்டி உரக்கப் படிக்கச் சொன்னாள்.